மோட்டார் கட்டிய வீடு

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் மோட்டார். ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், கடைவீதியின் நட்டநடுவில் நிற்கிற அந்த நாலு மாடிக் கட்டடத்தில் காலையும் மாலையும் மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர் வேலை. முப்பத்தோரு வருஷத்தில் தொட்டி நிரம்பி ஒரு சொட்டு வழிந்ததில்லை என்பார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும் என்பது அங்கே வாடகைக்கு இருந்த வக்கீல்களிலிருந்து போட்டோ ஸ்டூடியோக்காரர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு தடவை கட்டடம் தீப்பிடித்தபோது தனி ஆளாக அணைத்தேன் என்பார். எரிந்தது ஒரு குப்பைக்கூடை. நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயிலிருந்து வந்ததிலேயே பெரியது வீடு.

பெண் கேட்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா நேராகவே கேட்டுவிட்டார். "மாப்பிள்ளைக்குச் சொந்தமா வீடு இருக்கா?"

"கட்டிக்கிட்டு இருக்கேன் மாமா."

அப்போது அவர் இருந்தது மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறையில். கட்டடம் கட்டிய நாளிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறவனுக்கு என்று இருந்த அறை அது. சுண்ணாம்புக் காரை பொரிப்பொரியாக உதிர்ந்து, ராத்திரி படுத்தால் காலையில் தலை நரைத்தவன் மாதிரி எழுந்திருக்க வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்கிறார்களே, அதில் இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் அந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்குச் செலவழித்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டு நாலு மாடி ஏற்றினார். உள்ளே வெளியே ஒரு விரற்கடை காரை தெரியாமல் பூசி மெழுகினார். கூரைத் தகரத்தை மாற்றினார், புதுக் கதவு போட்டார், வெளிர்நீல வண்ணம் அடித்தார். கொத்து வேலை தெரியாதவர், வெறுங்கையால் சிமெண்டைக் குழைத்ததில் உள்ளங்கையெல்லாம் தோல் வெந்து உரிந்துவிட்டது.

புதுப் பெண் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, வாசலில் நின்று பார்த்தாள்.

"இது நீங்களே கட்டினதா?"

"ஒத்த ஆளா. ஒவ்வொரு செங்கல்லா."

அவள் அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். புண் பொய் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு எந்தப் பெண்தான் நம்பாமல் இருப்பாள்? நம்பினாள். முப்பது வருஷம் நம்பினாள்.

பிள்ளை இல்லை. அது ஒரு குறை. மற்றபடி அந்த ஒற்றை அறைக்குள் அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். அவள் அப்பா போன பிறகு அவள் அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தார். அப்பா வீட்டில் அவளுக்கு இருந்த பங்கை விட்டுக்கொடுக்க முடியுமா என்று இழுத்து இழுத்துக் கேட்டார். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கெதுக்குண்ணே அது? எனக்கு என் வீட்டுக்காரர் கட்டின வீடு இருக்கு."

மோட்டார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கையில் டீ கிளாஸ். வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது ஒன்றுதான். ஊரெல்லாம் திறக்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மச்சானைப் படி வரை போய் வழியனுப்பி வைத்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு முழங்காலும் போயின. கட்டடத்து லிஃப்ட் அதற்கும் முன்பே செத்துப்போயிருந்தது. கடைசியாக ஒரு நாள் ஏறியவள் அப்புறம் இறங்கவில்லை. மொட்டைமாடியே உலகம் என்று ஆன பிறகு ஒரு பழைய தகர டிரம்மில் காகிதப்பூச் செடி வைத்தாள். அது வளர்ந்து அறைச் சுவரில் சாய்ந்து, அடர் சிவப்பாகக் குலை குலையாகப் பூத்தது. கீழே போய்விட்டு வரும்போதெல்லாம் அவரிடம் கேட்பாள்.

"தெருவுலேருந்து பாத்தா நம்ம பூ தெரியுதாங்க?"

"தெரியுதாவா? ஸ்டேஷன்ல இறங்குறவன்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறான்."

மாடிக் கைப்பிடிச் சுவர் ஆள் நெஞ்சு உயரம். அதைத் தாண்டி ஒரு இலைகூடத் தெருவுக்குத் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கட்டடம் கைமாறியது. கீழ்த்தளத்தில் பெரிய பெரிய கடைகள், மேலே மூன்று மாடியும் தங்கும் விடுதி என்று முடிவாயிற்று. இடித்துக் கட்டப் போவதில்லை. பழைய கட்டடம் என்று அரசாங்கப் பட்டியலில் ஏறியிருந்ததால் முதலில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். வாடகைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். புது மேனேஜர் மிச்சமிருந்த வேலையாட்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"பழசு எதையும் தொட மாட்டோம். பழசுதான் இந்தக் கட்டடத்துக்கே மதிப்பு."

"அப்ப நானும் பழசுதாங்க, என்னையும் தொட மாட்டீங்கல்ல?" என்றார் மோட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மோட்டார் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு மேலே ஏறி, "நமக்கு ஒரு குறையும் வராதுன்னு மேனேஜரே சொல்லிட்டார்" என்று மனைவியிடம் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோள்பையில் இரண்டு டப்பா சாக்பீஸ். முதன்முதலில் கட்டியது என்றால் பச்சைக் கோடு, அது இருக்கும். பின்னால் யாராவது சேர்த்தது என்றால் சிவப்புப் பெருக்கல் குறி, அது போகும். இவ்வளவுதான் கணக்கு. எது முதல், எது பின்னால் என்று சொல்ல ஆள் வேண்டும். மோட்டாரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எட்டு நாள் அவளோடு சுற்றினார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. "இந்தத் தடுப்பு வக்கீல் போட்டது." சிவப்பு. "இந்தப் பொய்க்கூரைக்கு மேல தேக்கு உத்தரம் இருக்கு பாருங்க." பச்சை. "இந்தக் கழிப்பறை ஸ்டூடியோக்காரர் திருட்டுத்தனமா கட்டினது." சிவப்பு. அவர் சொன்னதையெல்லாம் அவள் எழுதிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவர் பேசியதை ஒரு ஆள் எழுதி வைத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. அவரும் அந்த எட்டு நாளும் உண்மையைத் தவிர வேறு பேசவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்.

எட்டாம் நாள் மொட்டைமாடிக்கு வந்தார்கள். கையிலிருந்த பழைய வரைபடத்தில் நாலு மாடி மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அறையின் சுவரை அவள் தட்டிப் பார்த்தாள். சிமெண்ட்.

"இது பின்னாடி கட்டினதாங்க ஐயா?"

வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அவரை முந்திக்கொண்டாள். "இவர்தாம்மா கட்டினாரு. எனக்காக. ஒத்த ஆளா." சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

மோட்டாருக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியும். எட்டு நாளாகப் பார்த்தவர். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. நான்தான் கட்டினேன்."

"சுவர் ஒண்ணரை அடி கனம் இருக்கே?"

"நான் எதைச் செஞ்சாலும் கெட்டியாத்தாங்க செய்வேன்."

அந்தப் பெண் சுவரை இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் வாசலில் இருந்த அம்மாவுக்குத் தெரியாதபடி பின்பக்கம் போய், கீழே, தரையை ஒட்டி, சின்னதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மோட்டார் நினைத்தார். மறுநாள் கீழே போனால், அவள் வேறொரு வேலையாக வெளியூர் போய்விட்டாள், வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அதற்குள் கடிதம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் மொட்டைமாடியைக் காலி செய்ய வேண்டும்.

அவர் மனைவிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "எப்படிங்க இடிப்பாங்க? அவங்க கட்டடம் கீழ இருக்கு. இது நீங்க கட்டின வீடு. போய் தைரியமா கேளுங்க."

போனார். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இவர் பின்னாலேயே ஓடி விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீங்க கட்டினதுன்னு எழுதியிருக்கு, பாத்தேன். இடிச்சா அதுக்கு ஏதாவது செய்யணும். பின்பக்கம் ஸ்டாஃப் ரூம் கட்டறோம். பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். சிரிப்பை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்ட மனுஷன், இந்த வாக்குறுதியைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொண்டார். பாக்கலாம் என்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று படியேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொறுத்திருக்கலாம் பாவி மனுஷன்.

அவர் புத்திக்கு வேறு வழி தோன்றியது. அறை பழசு என்று நிரூபித்துவிட்டால் இருக்கும். அறை இருந்தால் நாமும் இருப்போம். மத்தியானம் அவள் சாப்பிட்டுப் படுத்த பிறகு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே, சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் தட்டினார். முப்பது வருஷத்துக்கு முன் அவரே பூசிய சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. சொல்லிக்கொண்ட அளவுக்குக் கெட்டி இல்லை. உள்ளே சுண்ணாம்புக் காரை, அதற்குள்ளே சிவந்த செங்கல். செங்கல்லில் ஒரு சின்னக் குதிரை முத்திரை. கீழே நாலு மாடியிலும் உள்ள அதே குதிரை.

அன்றைக்குத்தான் ஆர்க்கிடெக்ட் பெண் திரும்பி வந்திருந்தாள். படியில் ஓடிப் போய், கையோடு அழைத்து வந்தார்.

பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முத்திரையைத் தடவினாள், படம் எடுத்தாள், யாருக்கோ போன் போட்டாள். "கிடைச்சுடுச்சு சார், மேல ஒரு ஒரிஜினல் ரூம் இருக்கு, முழுசா இருக்கு" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் மனைவி முழித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, பின்பக்கம் வந்து சேர்ந்தாள். கீழே கிடந்த நீலப் பூச்சுத் துண்டுகளைப் பார்த்தாள்.

"என்னங்க இது? நம்ம செவுத்தை ஏன் உடைக்கிறீங்க?"

அவர் பேசுவதற்குள் அந்தப் பெண் சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். "அம்மா, இது நூறு வருஷத்துக்கு முந்தின செவுரும்மா. கட்டடத்தோடயே சேத்துக் கட்டினது. ஐயா மேல பூசியிருக்கார், அவ்வளவுதான். நல்ல வேளை, பூசினதாலதான் தப்பிச்சிருக்கு."

குழந்தை மாதிரி முகம் அவளுக்கு. என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியாது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அப்ப நீங்க கட்டலையா?"

"பூசினேன்."

"எத்தனை நாளு?"

"மூணு வாரம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ கடைக்காரர் விலை சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி. திரும்பி, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணன் பத்திரம் கொண்டாந்தப்ப, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகக் கேட்டாள். அவருக்கு நின்ற இடத்திலேயே செத்துப் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்படியெல்லாம் நினைத்த மாத்திரத்தில் யாரும் சாவதில்லை. சாயங்காலம் ஆனதும் போய் மோட்டாரைப் போட்டார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மறுநாள் அந்தப் பெண் ஈரத் துணியால் சிவப்புக் குறியைத் துடைத்துவிட்டு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் நீளமாகப் பச்சைக் கோடு போட்டாள். "பச்சை போட்டாச்சு. இனி நம்மள யாரும் அசைக்க முடியாது" என்று அவர் மூன்று நாள் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். சாப்பாடு போட்டாள்.

நாலாம் நாள் மேனேஜரே மொட்டைமாடிக்கு வந்தார். கூடவே இரண்டு பேர் வந்து அறையை அளந்தார்கள். காகிதப்பூச் செடியைப் பார்த்து, "இது அப்படியே இருக்கட்டும், போட்டோவுல நல்லா இருக்கும்" என்றார் ஒருவர்.

"எதுக்குங்க அளக்கறீங்க?" என்று மோட்டார் கேட்டார்.

"இதுதான் இனிமே நம்ம விடுதிலயே ஒசத்தியான ரூம். ஒரிஜினல் பம்ப்காரர் அறை. இப்பவே மூணு பேர் கேட்டுட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"அப்ப நாங்க?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் பார்த்தார். "நீங்க எப்படிங்க இங்க இருக்க முடியும்? விருந்தாளிங்க தங்கற ரூம்."

"பின்பக்கம் ஸ்டாஃப் ரூம்னு சொன்னீங்களே?"

"அது நீங்க கட்டினதை நாங்க இடிக்கறதா இருந்தப்ப. அதுக்குப் பதிலா கொடுக்கலாம்னு பேசி வெச்சிருந்தேன், கையெழுத்துக்கூட ஆயிடுச்சு. இப்பத்தான் இது உங்களது இல்லைன்னு நீங்களே காமிச்சுட்டீங்களே. எங்க சுவருக்கு உங்களுக்கு நான் என்னங்க கொடுக்கிறது?" படியை நோக்கித் திரும்பியவர், "மோட்டாரும் இனிமே தானா ஓடி தானா நிக்கற மாதிரி போடறோம்" என்றும் சொன்னார்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கு முப்பது வருஷம் கிடைத்தது. உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் நின்றது. என்ன நியாயம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

ஆர்க்கிடெக்ட் பெண் அவர் கண்ணில் படாமல் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் படியில் எதிரே வந்து மாட்டிக்கொண்டாள். "என்னால செவுத்தைத்தான் காப்பாத்த முடிஞ்சுது, ஐயா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "விடுங்கம்மா, நமக்கு எத்தனை இடம் இல்ல? என் மச்சான் எப்ப வர்றீங்கன்னு தினம் போன் பண்றார்." மச்சான் அந்த வீட்டை விற்று ஆறு வருஷம் ஆகிறது.

மரக்கடைக்குப் பின்னால், மரம் அறுக்கிற சத்தம் நாளெல்லாம் கேட்கிற ஒரு அறையை, கட்டடத்தைச் செப்பனிட வந்திருந்த கொத்து மேஸ்திரி பார்த்துக் கொடுத்தார். தரைத்தளம், படி கிடையாது, அம்மாவுக்கு சௌகரியம் என்றார். ஜன்னலும் கிடையாது, அதை அவர் சொல்லவில்லை.

போகிற நாளில் புது லிஃப்ட் பாதிதான் மாட்டியிருந்தது. மேஸ்திரியின் ஆட்கள் நாலு பேர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கால் பிடித்துத் தூக்கினார்கள். மோட்டார் முன்னால் நடந்து, "பாத்து, பாத்து, இங்க ஒரு படி ஒடைஞ்சிருக்கும்" என்றார். எந்தப் படியும் உடைந்திருக்கவில்லை. எல்லாம் செப்பனிட்டு, கைப்பிடி மரத்துக்கு மெருகு போட்டு, புதிதாக இருந்தது. அவள் பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிற படி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முதல் மாடியில், தூக்கிக்கொண்டிருந்தவர்களிடம், "ரொம்ப கனமா இருக்கேனாப்பா?" என்று கேட்டாள்.

சாமான் ஒரு சின்ன டெம்போவுக்குள் அடங்கிவிட்டது. அவளை நாற்காலியோடு பின்னால் ஏற்றி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வைத்தார்கள். அவர் பக்கத்தில், சுருட்டிய பாய் மேல் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. தெருவில் ஒரு பத்து அடி போனதும் அவள் தலையை அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள். கீழேயிருந்து மேல்வரை பார்த்தாள். வெள்ளையடித்து, ஜன்னலுக்கெல்லாம் பச்சை வண்ணம் போட்டு, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அதற்கு மேலே வானம்தான்.

"பூ தெரியலையே" என்றாள்.

பத்திரத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். உண்மை சொல்லி என்ன கண்டோம் என்றும் நினைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா தெரியும்" என்றார்.

அவள் "சரி" என்று சொல்லிவிட்டு முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். டெம்போ தெருமுனையில் வளைகிற வரைக்கும், தெரிந்துவிடாதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது அவர்தான்.